வெள்ளிக்கிழமைகளில் பேசாமல் போன பெட்டி

தொண்ணூறுகளின் நடுவில் மலேசியாவின் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்த்தேன். என் படிப்பு மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு சரி. வயர் இழுப்பது, பிளக் மாற்றுவது, விசிறியைக் கழற்றி எண்ணெய் போடுவது எல்லாம் பிறர் செய்வதைப் பார்த்துப் பழகியதுதான். வீடு கடலுக்கு இந்தப் பக்கம், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், அடுக்குமாடியில் ஆறாவது மாடி. காலையில் திருநீறு பூசிக்கொண்டு இறங்கினால் ஃபெரி பிடித்து, அக்கரையில் பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை பஸ் ஏறி, எட்டு மணிக்குக் கார்டு தட்டவேண்டும். மாலை ஆறரைக்கு வேலை முடியும். திரும்பும் பஸ் ஏழு மணிக்கு.

அந்த வருஷங்களில்தான் தொழிற்சாலைக்குள் கம்ப்யூட்டர் லைன் வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். மொத்தம் ஆறு. அந்தந்தப் பகுதியில் லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆபீசில் உள்ள ஸ்கிரீனுக்கு 'நான் இருக்கிறேன்' என்று சொல்வது அதன் வேலை. சொன்னால் ஸ்கிரீனில் பச்சை, சொல்லாவிட்டால் சிவப்பு. பெட்டிக்குள்ளேயே சூடு பார்க்கும் முனை ஒன்றும் உண்டு. அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

நான்காம் எண் பெட்டி குளிரறையில் இருந்தது. சில்லுகளை ஒட்டும் பசையை அங்கேதான் வைப்பார்கள். பசை ஒரு நிமிஷம்கூடக் குளிரை விட்டு வெளியே இருக்கவில்லை என்று சரக்கு வாங்குகிறவர்களுக்குக் காட்டவேண்டும். அதனால் மற்ற பெட்டிகள் சிவப்பானால் திட்டு விழும், நான்காவது சிவப்பானால் விசாரணையே நடக்கும்.

அந்தக் குளிரறைக்கு மாலை ஷிப்டில் பொறுப்பு ஓர் அக்கா. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வீடு. ஐம்பதை நெருங்கிய வயது. வெளியே வெயில் கொளுத்தும்போது இவர் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், காதை மூடி ஒரு துண்டு என்று உட்கார்ந்திருப்பார்.

"என்னக்கா, கேமரன்மலைக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று கேட்பேன்.

"ஆமா தம்பி. நீயும் வாலா, கோசு பறிக்கலாம்" என்பார்.

அவருடைய கணவர் லோரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். படுக்கைதான். அக்கா ஆறு வருஷமாக ஒப்பந்த ஆளாகவே இருந்தார். வருஷக் கடைசியில் புதுக் காகிதம் கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம். நிரந்தரம் ஆக்கிவிட்டால் கணவருக்கும் சேர்த்து ஆஸ்பத்திரிக் கார்டு கிடைக்கும். அந்த வருஷம் நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் தன் பெயர் இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அக்கா நடக்கிற நடையே வேறு. கணவருக்காக வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி விரதம் இருப்பார். மாலை ஏழு மணிக்குச் சூடாக ஒரு கப் மைலோ குடித்து விரதத்தை முடிப்பார்.

அவர் செய்த தப்பு ஒன்று உண்டு. பெட்டி குளிரறைக்கு உள்ளே இருந்தாலும் அதன் பிளக் வெளியே அவர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே இருந்ததும் ஒரே ஒரு பிளக் பாயிண்டுதான். பெட்டி வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, அது என்ன ஏது என்று தெரியாமல், அதைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெத்தலைச் செருகிவிட்டார். ஸ்கிரீன் சிவப்பாகி, சூப்பர்வைசர் ஓடி வந்து பார்த்தால் கெத்தலில் ஆவி வந்துகொண்டிருக்கிறது. அக்கா அழுது மன்னிப்புக் கேட்டார். கெத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, மறுநாளிலிருந்து பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்தார். ஆனால் அந்தக் கெத்தல் கதை பஸ்ஸில் ஏறிவிட்டது. ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி என் கதை. பராமரிப்பு ஸ்டோரில் என் மேசைக்கு மேலே ஒரு பலகை அடித்து முருகன் படம் வைத்திருந்தேன். பூ வைப்பேன், திருநீறு வைப்பேன். ஆனால் அந்தத் தொழிற்சாலைக்குள் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவங்கள் புழங்குகிற இடம். கேட்டிலேயே லைட்டரை வாங்கி வைத்துவிடுவார்கள். ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு எதற்கும் வழியில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சாமி இருட்டில் நிற்கிறாரே என்று எனக்கு மனசு கேட்காது.

ஒரு தடவை இடி விழுந்து நான்காம் பெட்டி செத்துப்போனது. அதற்குப் பதில் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். பழையதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. திறந்து பார்த்து, கருகின பாகம் ஒன்றை மாற்றினேன், பிழைத்துக்கொண்டது. ஸ்பேராக இருக்கட்டும் என்று சூப்பர்வைசரும் விட்டுவிட்டார். அந்த ஆயுத பூஜைக்கு ஸ்குரூடிரைவர், கட்டிங் பிளையர், மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, பிழைத்து வந்த பெட்டிக்கும் வைத்தேன். முருகன் படத்துக்குக் கீழே வைத்து சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு, லைன் கேபிளைச் செருகினால்தான் அது மினுக்கும். சுவரில் லைன் முனை இருந்தது. செருகினேன். மஞ்சள் மினுக் மினுக்கென்று, காற்றில் ஆடுகிற திரி மாதிரி எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தீ இல்லாத விளக்கு. யாரும் குற்றம் சொல்லமுடியாது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அந்தப் பெட்டியைப் போடுவேன். பாட்டு ஒன்று பாடுவேன். கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமானதும் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடுவேன்.

குளிரறைத் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஏழு மணியை ஒட்டி நான்காம் பெட்டி சிவப்பாகிவிடும். பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் ஸ்கிரீனுக்கு ஒன்றும் சொல்லாது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் ஒன்றுமே நடக்காதது மாதிரிப் பேசும். அடுத்த வெள்ளி வரை பிசகாது. சனிக்கிழமை நான் போய்ப் பார்ப்பேன். கேபிள் மாற்றினேன். பிளக் மாற்றினேன். பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினேன். நோட்டில் 'கோளாறு இல்லை, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வாரமும் அதே வரி.

இன்ஜினியர் ஒரு சீனப் பையன், படித்து வந்த புதிது. அவன் பதிவைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சிவப்பாவதற்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் குளிரறைச் சூடு இருபத்தொன்பது டிகிரி என்று பதிவாகியிருந்தது. சூப்பர்வைசருக்கு அது போதுமானதாக இருந்தது. அக்காவையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சூப்பர்வைசர் நம் தமிழ் ஆள்தான்.

"கெத்தல் போட்டியா இல்லியா, அத மட்டும் சொல்லுக்கா" என்றார்.

"போடல தம்பி. சாமி சத்தியமா போடல. பிளாஸ்க்குல கொண்டாறேன்லா. இந்தா பாரு."

"பிளாஸ்க்கு இருந்தா கெத்தல் இல்லேன்னு ஆயிடுமா? இருபத்தொம்பது டிகிரி காட்டுது. கதவத் தொறந்து போட்டுட்டு வெளிய உக்காந்து குடிச்சிருக்க. சூடு ஏறுனதும் பயந்து ஒயர புடுங்கிட்ட."

"நான் ஏன்பா கதவத் தொறக்கப் போறேன்? அதுக்குள்ள இருக்கிற பசைதானே எனக்குச் சோறு போடுது?"

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அது தானா சாவுமா?"

நான் அக்காவைப் பார்க்காமல் சொன்னேன். "பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்லண்ணே. நல்லா செக் பண்ணிட்டேன்."

எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது என் மனசுக்குள் கெத்தல் இருந்தது. பெட்டியில் கோளாறு இல்லை என்றால் கோளாறு அக்காவிடம்தான் என்று நான் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்த எழுத்துக்கு அர்த்தம் இல்லை.

மறுநாள் அக்கா ஸ்டோருக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், சாமி படம் இருக்கிறதே என்று.

"தம்பி, ஒரு ஒதவி. பாக்டரிக்கு வெளிய முனீஸ்வரன் கோயில் இருக்குல்ல, நாளைக்கு ஞாயித்துக்கெழம காலைல அங்க கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணலாம்னு இருக்கேன். நீ சாட்சிக்கு வந்து நில்லு. சூப்பர்வைசருக்கு உம்மேல நம்பிக்க இருக்கு. நீ பார்த்தேன்னு சொன்னா கேப்பாரு."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அது சாதாரணச் சொல் இல்லை. பொய்யானால் குடும்பத்தையே பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பொய்ச் சத்தியத்துக்குச் சாட்சி நின்றவனையும் விடாது என்பார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு அப்போது வீசிங்.

"பாக்கறேங்கா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"போய் நின்னுட்டு வாங்களேன். பொம்பள தனியா நிப்பாளா?" என்றாள்.

"பொய்யா இருந்துட்டா?"

"பொய்யா இருந்தா அது சாமிக்கும் அவங்களுக்கும். நீங்க என்ன ஜட்ஜா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தேன், குளித்தேன், சட்டை போட்டேன். பிறகு சின்னவளை மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். திங்கட்கிழமை அக்காவிடம், "ஃபெரி லேட்டாயிருச்சுக்கா" என்று பொய் சொன்னேன். அவர் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தார். "பரவால்ல தம்பி. பூசாரி மட்டுந்தான் இருந்தாரு. பண்ணிட்டேன்" என்றார். அவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

யாருமில்லாமல் செய்த சத்தியத்தை சூப்பர்வைசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் பெட்டி சிவப்பானது. வருஷக் கடைசியில் எல்லாருக்கும் காகிதம் வந்தது, அக்காவுக்கு வரவில்லை. இரண்டு ஸ்வெட்டரையும் பிளாஸ்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கேட்டில் காவல்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அவருடைய இடத்துக்கு ஒரு மலாய்க்காரர் வந்தார். பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் பெட்டி ஒரு தடவைகூடச் சிவப்பாகவில்லை. பஸ்ஸில் இதே பேச்சு.

"பாத்தியா? ஆளு போச்சு, சீக்கும் போச்சு."

"விரதம்னு சொல்லிக்கிட்டு கெத்தல் வச்சுக் குடிச்சிருக்குலா அந்தம்மா."

"சத்தியம் வேற பண்ணுச்சாம்."

பின்வரிசையில் ஒருத்தி, அக்காவோடு ஆறு வருஷம் பழகியவள், கெத்தலிலிருந்து ஊற்றுவது மாதிரிக் கையை வைத்து நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் என்னைக் கேட்டார், "நீதானே செக் பண்ணுன, என்னா சொல்ற?" நான் தலையை ஆட்டினேன். சாட்சிக்குப் போகாதது நல்லதாயிற்று, முருகன் காப்பாற்றினார் என்றுகூட நினைத்தேன். இப்படியும் ஒரு நன்றியை அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஏழு வாரமும் நான் தைப்பூசத்துக்கு விரதம் இருந்தேன். சின்னவளுக்காகப் பால்குட நேர்த்தி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பினாங்குக்கு வரும் ஒருவருடைய காரில் ஏறி, நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடுவேன். ஸ்டோர்ப் படத்துக்குக் காலையில் பூ வைப்பதோடு சரி.

பூசம் முடிந்தது. நேர்த்தியும் முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பழையபடி மாலையில் பெட்டியைப் போட்டேன், பாடினேன், அணைத்தேன், பஸ் பிடித்தேன். சனிக்கிழமை காலையில் இன்ஜினியர் என்னைப் பார்த்து மலாயில், "அங்கள், நம்பர் நாலு மாத்தி லாகி" என்றான். மறுபடி செத்துவிட்டது என்கிறான்.

அந்த மலாய்க்காரரிடம் கெத்தலும் இல்லை, பிளாஸ்கும் இல்லை. அந்த நேரத்தில் அவர் சாப்பிடப் போயிருந்தார், குளிரறை பூட்டியிருந்தது. ஒரு தடவைதானே, தற்செயலாக இருக்கும் என்று சூப்பர்வைசர் விட்டுவிட்டார். மறு வெள்ளியும் சிவப்பானது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா போனதால் நின்றதில்லை என்றால், வேறு எதனால் நின்றது? இன்ஜினியர் சொன்னான், "அந்த ஏழு வாரம் நடக்காம இருந்தது எதுன்னு பாக்கணும் அங்கள்." அவன் மெஷின்களைச் சொன்னான். எந்த மெஷின் ஓடவில்லை, எந்தப் பகுதி மூடியிருந்தது என்று பட்டியல் எடுத்தான். ஒன்றும் சிக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல் கை கால் கழுவிக்கொண்டு சாமி முன்னால் நின்றேன். சுவிட்சில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஏழு வாரம் நடக்காமல் இருந்தது இதுதான்.

இன்டர்காமை எடுத்து ஆபீசுக்குப் போட்டேன். இன்ஜினியர் எடுத்தான்.

"ஸ்கிரீன் முன்னால உக்காரு. நாலு என்னா நிறம்?"

"பச்சை அங்கள். ஏன்?"

சுவிட்சைப் போட்டேன். மஞ்சள் மினுக்கத் தொடங்கும் வரை காத்திருந்தேன். "இப்போ?"

"பச்சைதான். ஆனா… அங்கள், சூடு ஏறிடுச்சு. இருபத்தொம்பது!"

என் தலைக்கு மேலே ஸ்டோர் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது டிகிரி என்பது நான் நின்றுகொண்டிருந்த அறையின் சூடு. சுவிட்சை அணைத்தேன்.

"சிவப்பு! அங்கள், நீங்க என்னா பண்றீங்க அங்க?"

மலாய்க்காரரிடம் சொல்லி நான்காம் பெட்டியைப் பிடுங்கிச் செருகச் சொன்னோம், பச்சையானது. மறுபடி இங்கே போட்டு அணைத்தேன். சிவப்பு. இன்னொரு தடவையும் செய்தோம்.

இன்ஜினியர் ஓடி வந்தான். சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்த பெட்டியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அவன் நல்ல பிள்ளை. விளக்கிச் சொன்னான். லைனில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு, வீட்டு விலாசம் மாதிரி. இடி விழுந்து புதுப் பெட்டி மாட்டியபோது பழைய பெட்டியின் விலாசத்தையே அதற்கும் கொடுத்திருக்கிறார்கள். பழையது சாகவில்லை, நான் பிழைக்கவைத்துவிட்டேன். இது எழுந்து 'இந்த விலாசம் என்னுடையது' என்று கூப்பிட்டதும், குளிரறையில் இருந்த பெட்டி, தான்தான் தப்பான வீட்டில் இருப்பதாக எண்ணி வாயை மூடிக்கொள்ளும். இது எரியும் வரை ஸ்கிரீன் இதன் பேச்சையே நான்காவதின் பேச்சாக எடுத்துக்கொள்ளும்; இது அணைந்த பிறகும் அது வாயைத் திறக்காது. பிடுங்கிச் செருகினால்தான் மறுபடி பேசும்.

"ஒரு நாள் பூரா கதவத் தொறந்து போட்டாலும் குளிரறை இருபத்தொம்பதுக்குப் போகாது அங்கள். நானாவது யோசிச்சிருக்கணும்" என்றான்.

விலாசத்தை மாற்ற அவனுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சூப்பர்வைசரிடம் போய், "அந்த அக்காவத் திரும்பக் கூப்பிடணும்ணே" என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்தார். "எடத்துல ஆள் போட்டாச்சு. அது நாம புடுங்குனது இல்ல, கான்ட்ராக்ட் முடிஞ்சது. இப்ப எழுதுனா ஒன் பேரும் கெடும், எம் பேரும் கெடும். விடு." பிறகு அவர் எழுதிய ரிப்போர்ட்டில் 'ஸ்பேர் பெட்டியின் விலாசம் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. நான் மேலே, ஆள் எடுக்கும் பெர்சனல் ஆபீசுக்கும் போனேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள், ஒரு பாரம் கொடுத்து நிரப்பச் சொன்னாள். நிரப்பிக் கொடுத்தேன். பதில் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பலகை வீடு. கூடத்திலேயே கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். அக்கா கீழே உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார், கடைக்குப் போடுவதற்கு. தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலி, பாதி முட்டை. இலையை மடிக்கும் கை நிற்காமல் ஓடியது. வலது உள்ளங்கை நடுவில் தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது.

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளக்குக்கு ஆசைப்பட்டதைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன், விலாசத்தைச் சொன்னேன். அக்கா பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார். கட்டிலிலிருந்துதான் குரல் வந்தது.

"அப்ப நீ புடுங்கல?"

அக்கா திரும்பிப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "பாத்தியா? இவரே கேட்டாரு அப்ப, நெசமா சொல்லு நீதானேன்னு. இவரச் சொல்லி என்னா? நானே என்னைய நம்பல தம்பி. பசி மயக்கத்துல கால் கீல் பட்டு ஒயர் புடுங்கிக்குதோன்னு, வெள்ளிக்கெழமன்னா நாற்காலிய அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிட்டு உக்காருவேன்."

"மன்னிச்சுருங்கக்கா. எனக்குத் தெரியல."

"பெட்டி தெரியாது, சரி. அது மெஷினு, யாருக்குத் தெரியும்?" ஒரு பொட்டலத்தை முடித்து வைத்தார். "கோயிலுக்கு ஏன் வரல?"

ஃபெரி என்று சொல்ல வாய் வந்தது. கட்டிலில் இருந்தவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்ச் சத்தியமா இருந்துட்டா என்னையும் புடிச்சுக்குமோன்னு பயந்துட்டேங்கா."

அக்காவின் கை அப்போதுதான் நின்றது. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"அத நான் நெனச்சேன்" என்றார். "வாசலப் பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டு கற்பூரம் எரிஞ்சு அணைஞ்சு போச்சு. மூணாவதுதான் அடிச்சேன்."

நான் எழுந்தபோது, "வேலைய நீ வாங்கித் தர முடியாது, தெரியும்" என்றார். "ஒண்ணு செய்யி. பஸ்ஸுல சொல்லு. அங்கதானே பேசுனாங்க. பெட்டிய மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துறாத. சாட்சிக்குக் கூப்பிட்டேன், நீ வரலேங்கிறதையும் சொல்லு. சத்தியம் பண்ணும்போது எவனும் இல்லேன்னுதானே பொய்ச் சத்தியம்னு சிரிச்சாங்க."

திங்கட்கிழமை காலையில் பஸ் பட்டர்வொர்த்தை விட்டதும் எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பத்துப் பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன் நான். பெட்டிக் கதையைச் சொன்னபோது எல்லாரும் கேட்டார்கள். ஒருவர், "அப்ப சாமிதான்யா செஞ்சது!" என்றார். சிலர் சிரித்தார்கள். சாட்சி விஷயத்துக்கு வருவதற்குள் பஸ் கேட்டருகே வந்துவிட்டது, பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கினார்கள். கடைசி வாக்கியங்களை யார் காதில் வாங்கினார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் மாலையில் மறுபடி எழுந்து நின்றேன். இந்தத் தடவை சாட்சியிலிருந்து ஆரம்பித்தேன். கூப்பிட்டார், நான் போகவில்லை, ஃபெரி என்று பொய் சொன்னேன், அவர் தனியாக நின்று கையைச் சுட்டுக்கொண்டார், அவர் சொன்னது உண்மை. பிறகுதான் பெட்டியைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். பொட்டலம் கட்டிக்கொண்டுதான் இருந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"சொன்னியா?"

"சொன்னேங்கா. ரெண்டு தடவ. ரெண்டையும் சொன்னேன்."

"யாரு யாரு இருந்தாங்க?"

முன்சீட்டில் இருந்த பெரியவரைச் சொன்னேன். டிரைவருக்குப் பின்னால் உட்காரும் இரண்டு பெண்களைச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் அவர் தலையை ஆட்டினார்.

"பின்னால ஒக்காருவாளே, அவ இருந்தாளா?"

"இருந்தாங்க."

"என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தாங்க."

"ம்" என்றார் அக்கா. ஒரு பொட்டலத்தை மடித்து, ஈர்க்குச்சி குத்தி, வரிசையில் வைத்தார். பிறகு அடுத்த இலையை எடுத்தார்.

"அவ பக்கத்துல?"

நான் சொன்னேன். அதற்குப் பக்கத்தில் யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அப்படியே கடைசி வரிசை வரைக்கும், ஒரு சீட்டும் விடாமல் கேட்டுக்கொண்டார்.